பத்தடிச் சுவர்

“டீச்சர், இந்தக் கம்ப்யூட்டர் என் வீட்டைக் கெடுக்குது.”

வள்ளிமயில் இப்படிச் சொன்னதும் வகுப்பில் நாலைந்து பேர் சிரித்தார்கள். டீச்சர் பர்வீன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து பின்னால் நின்றாள்.

பர்வீனுக்கு இருபத்தைந்து வயது. வள்ளிமயிலுக்கு நாற்பத்தாறு. பாடம் கேட்கிறவள் வள்ளிமயில்தான்.

வள்ளிமயில் தையல்காரி. ஊரில் பாதிப் பெண்களின் அளவு அவளுக்கு மனப்பாடம். மகளிர் குழுவில் நாற்பது நாள் இலவசப் பயிற்சி என்றதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். வீட்டை முப்பரிமாணத்தில் வரையத் தெரிந்தால், டவுனில் அலமாரி செய்கிற கடைக்கு வீட்டில் இருந்தபடியே வரைந்து கொடுக்கலாம் என்றார்கள்.

பாடம் லேசானதுதான்.

முதலில் வீட்டின் வெளி அளவுக்கு ஒரு பெட்டி. செங்கல் மாதிரி, உள்ளே கெட்டியாக இருக்கும். பிறகு ஒவ்வோர் அறை அளவுக்கும் ஒரு சின்னப் பெட்டி. அந்தச் சின்னப் பெட்டியைத் ‘துளை’ என்று மாற்றி, பெரிய பெட்டிக்குள் வைத்து, ‘சேர்’ என்கிற பொத்தானை அமுக்க வேண்டும். சின்னப் பெட்டி காணாமல் போய்விடும். அது இருந்த இடம் அறையாகக் குடைந்திருக்கும்.

மிச்சம் நிற்பது சுவர்.

அவரவர் வீட்டை அளந்து செய்து காட்டச் சொல்லியிருந்தாள் பர்வீன். மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். வள்ளிமயில் வீட்டில் மட்டும், பின்பக்கம் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு சுவர் நின்றது.

பத்தடி கனத்தில்.

“பத்தடிக்கு யாராவது சுவர் வைப்பாங்களா டீச்சர்? கோட்டையா கட்டியிருக்கோம்?”

பர்வீன் மவுஸைத் தொடவில்லை.

“அளவு யார் எடுத்தது?”

“நான்தான்.”

“கம்ப்யூட்டர் எடுக்கல.”

“இல்ல.”

“அப்ப மறுபடி அளந்துட்டு வாங்கக்கா.”

*

அன்று சாயங்காலம் வள்ளிமயில் டேப்பை எடுத்தாள்.

வீட்டின் வெளி நீளம் முப்பத்து நாலு அடி. சமையலறை பதினொன்று. படுக்கையறை பதினொன்றரை. நேற்று எடுத்த அதே அளவு. ஒரு நூல் கூட மாறவில்லை.

கூடத்துக்கு வந்தாள். சமையலறை வாசலுக்கும் படுக்கையறை வாசலுக்கும் நடுவே இரும்பு பீரோ நின்றது. அதன் கண்ணாடியில் கையில் டேப்போடு ஒருத்தி தெரிந்தாள். முகம் சரியாகத் தெரியவில்லை. துடைத்து நாளாகிவிட்டது.

மணி ஐந்தானது.

சுவருக்குள் இருந்து சத்தம் வந்தது. டிட்டிட், டிட்டிட், டிட்டிட்.

அவள் புருஷன் சீனிச்சாமி ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் கூட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. விடிகாலை ஐந்துக்கும் அந்தச் சத்தம் வரும். அப்போது எழுந்து போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிடுவார். பதினோரு மாதமாக இப்படித்தான்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள், சுவருக்குள் என்னமோ கத்துகிறதே என்று கேட்டாள். பல்லி என்றாள் வள்ளிமயில். “மணி பாத்துக் கத்துற பல்லியா? எங்க வீட்டுக்கும் ஒண்ணு குடு, வேலைக்கு எழும்ப வசதியா இருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள் அவள். அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை.

பதினோரு மாதத்துக்கு முன்னால் அவர்கள் மகள், தனக்குப் பிடித்தவனோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரே மகள்.

சேதி வந்த அன்று சீனிச்சாமி தண்ணீர்த் தொட்டிக்குப் போய்த் தலையில் ஊற்றிக்கொண்டார். வள்ளிமயில் தலையிலும் ஒரு குடம் ஊற்றினார். செத்தவர்களுக்காக முழுகுகிற மாதிரி. ஈரத்துணியோடு இரண்டு பேருமாக பீரோவை இழுத்து நகர்த்தினார்கள்.

அன்றிலிருந்து அந்தப் பேரை அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. பீரோ முன்னால் எங்கே நின்றது என்றும் யாரும் சொல்லவில்லை.

போன வாரம் வள்ளிமயிலுக்குப் போன் வந்தது.

“அம்மா, ஏழு மாசம். தலைப்பிரசவம். அங்க வரட்டுமா?”

வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிடு, அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் வள்ளிமயில். சீனிச்சாமியிடம் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. வீட்டை ஒரு சுற்று பார்த்தார்.

“வீட்டுல ஏது இடம்?”

வள்ளிமயிலும் பார்த்தாள். கூடம், சமையலறை, படுக்கையறை, தையல் மெஷின் கிடக்கிற மூலை. ஆமாம், இடம் எங்கே இருக்கிறது என்றுதான் அவளுக்கும் பட்டது.

*

அடுத்த நாள் வகுப்பில் வள்ளிமயில் ஒரு தந்திரம் செய்தாள். சமையலறைப் பெட்டியை மவுஸால் பிடித்து இழுத்தாள். இருபதேகால் அடிக்கு இழுத்ததும் பத்தடிச் சுவர் முக்காலடிச் சுவராகிவிட்டது.

“முடிச்சிட்டேன் டீச்சர்.”

பர்வீன் வந்து பார்த்தாள். பொம்மை மனுஷி ஒன்றை எடுத்து அந்தச் சமையலறையில் நிறுத்தினாள். கல்யாண மண்டபத்தில் ஆள் வராத நாளில் தனியாக மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றது பொம்மை.

“அடுப்புக்கும் தண்ணிக் குடத்துக்கும் எத்தனை எட்டு வைப்பீங்க?”

“மூணு.”

“இதுல?”

வள்ளிமயில் எண்ணிப் பார்த்தாள்.

“துணி பத்தலன்னா டேப்பையா வெட்டுவீங்க?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வள்ளிமயிலும் சிரித்தாள். பர்வீன் இழுத்த பெட்டியைப் பழைய அளவுக்குத் தள்ளினாள். பத்தடிச் சுவர் மறுபடியும் வந்து நின்றது.

அதைப் பார்த்ததும் வள்ளிமயிலுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

அவள் கிளம்பும்போது பர்வீன் ஒன்று சொல்லி அனுப்பினாள். “நாளைக்கு வீட்டோட பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துட்டு வாங்க. ஜன்னல் வைக்கணும்.”

*

போட்டோவில் மூன்று ஜன்னல் இருந்தது.

வள்ளிமயில் இரண்டு வைத்தாள். ஒன்று சமையலறைக்கு, ஒன்று படுக்கையறைக்கு.

பர்வீன் போட்டோவைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். நடு ஜன்னல் மேல் விரலை வைத்தாள். அது முழுக்கச் சாத்தியிருந்தது. பாதி உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தது.

“இது?”

“அது சும்மா கிடக்கு டீச்சர். திறக்கிறதில்ல.”

“திறக்கிறதைக் கேக்கல. இருக்குல்ல?”

வள்ளிமயில் மூன்றாவது ஜன்னலை அளவு பார்த்து வைத்தாள். பர்வீன் மவுஸை வாங்கி, அந்த ஜன்னல் வழியாக உள்ளே போகிற மாதிரி பார்வையை நகர்த்தினாள். ஜன்னல் சட்டம் கிட்டே வந்தது. பெரிதானது. கடந்து போனது.

திரை முழுக்க மண் நிறம். தரை இல்லை, கூரை இல்லை, மூலை இல்லை.



“ஜன்னலுக்குப் பின்னாடி என்ன இருக்கு?”

“சுவரு.”

“சுவருக்கு எதுக்குக்கா ஜன்னல்?”



பர்வீன் பார்வையை வெளியே இழுத்தாள். வீடு முழுவதையும் கண்ணாடி மாதிரி மாற்றிக் காட்டினாள். கூடம் தெரிந்தது. சமையலறை தெரிந்தது. படுக்கையறை தெரிந்தது. நடுவில் மட்டும் கனம் அதிகம் என்பதால் கறுப்பாக நின்றது, ஆள் உயரத்துக்கு மேலே.

அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

*

அன்று வியாழக்கிழமை. ஒரு வாரமாகவே சாயங்காலச் சத்தம் இழுத்து இழுத்துத்தான் வந்துகொண்டிருந்தது. வள்ளிமயில் அதைக் கவனித்திருந்தாள். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மணி ஐந்தானது.

சீனிச்சாமி ரிமோட்டை எடுத்துக் கையை நீட்டினார்.

சத்தம் வரவில்லை.

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து அவர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். செய்தி வாசிக்கிறவர் வாய் மட்டும் அசைந்தது.

ஐந்து ஐந்தானது. ஐந்து பத்தானது.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல.”

ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி ஒரு இட்லியோடு எழுந்துவிட்டார். மறுநாள் விடிகாலையில் மோட்டார் போடவும் அவர் போகவில்லை. விழித்துத்தான் படுத்திருந்தார். இரண்டு பேரும் மேலே பார்த்துக்கொண்டு, வராத சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விடிந்ததும் வள்ளிமயில் கூடம் கூட்டினாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற அளவு சந்து இருந்தது. விளக்குமாற்றை அங்கே கொண்டுபோனவள் நின்றுவிட்டாள்.

சந்திலிருந்து பவுடர் வாசனை வந்தது. இப்போதுதான் யாரோ போட்டுக்கொண்டு தலை வாருகிற மாதிரி.

*

வெள்ளிக்கிழமை வகுப்பில் வள்ளிமயில் போனைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அளவு எழுதிய நோட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

புதிதாக ஒரு பெட்டி செய்தாள்.

அகலம் எட்டரை அடி என்று அடித்தாள். நீளம் பதினொன்று. உயரம் பத்து. கை எங்கேயும் தயங்கவில்லை.

அதைத் ‘துளை’ ஆக்கினாள். பத்தடிச் சுவருக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

இரண்டு பக்கமும் முக்காலடி நின்றது. அந்தப் பக்கம் ஒரு சுவர், இந்தப் பக்கம் ஒரு சுவர். மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பர்வீன் பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

“இதை எப்பக்கா அளந்தீங்க?”

“அளக்கல டீச்சர்.”

“பிறகு எப்படித் தெரியும்?”

வள்ளிமயில் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சுகந்திக்கு அந்த ரூமுல ஸ்கிரீன் தச்சுப் போட்டேன். இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவத்துக்கு. எட்டரை அடிக் கம்பி.”

சொன்ன பிறகுதான், தான் என்ன பேரைச் சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது.

பர்வீனுக்கு அந்தப் பேர் யாருடையது என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

“சேர் அமுக்குங்க.”

அமுக்கினாள்.

பெட்டி மறைந்தது. நடு ஜன்னலுக்குப் பின்னால் தரை வந்தது. கூரை வந்தது. நாலு மூலை வந்தது. ஜன்னல் வழியாக விழுந்த வெளிச்சம், அந்தத் தரையில் கைக்குட்டை அகலத்துக்குக் கிடந்தது.

போன் அடித்தது.

சொல்லப்போகிற வார்த்தையை நாக்கில் வைத்துக்கொண்டுதான் எடுத்தாள். மகள் இல்லை. சீனிச்சாமி. வகுப்பு நேரத்தில் ஒருநாளும் கூப்பிடாத மனுஷன்.

மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. குரல் வெற்று அறைக்குள் நின்று பேசுகிற மாதிரி எதிரொலித்தது.

“வள்ளி. பீரோத் துணி பூராத்தையும் அள்ளிக் கூடத்துல போட்டிருக்கேன். இல்லாட்டி ஒத்தை ஆளா நகத்திக் கதவத் திறந்திருக்க முடியாது. வந்து திட்டாத.”

“எங்க இருக்கீங்க?”

எதையோ கையில் எடுத்துத் தூசி ஊதுகிற சத்தம் வந்தது.

“இந்தக் கடியாரத்துக்கு எந்த பேட்டரி? பென்சில் பேட்டரியா, அதைவிடச் சின்னதா?”