அறிக்கையில் ஏறிய ‘மோர்’

தேயிலைத் தோட்டத்து டைப்பிஸ்ட் சலேத்மேரியின் புருஷன் காய்ச்சலில் செத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவனோடு சேர்த்துத் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் பதினொரு சாவு. மேனேஜர் வரதராஜுலுவோ, கம்பெனிக்குப் போகும் இங்கிலீஷ் அறிக்கையில் தொழிலாளர் உடல்நலம் ‘மோர் பெட்டர்’ என்று அடிக்கச் சொன்னார்.

“பெட்டர்னாலே முன்னைவிட நல்லதுன்னுதான் சார் அர்த்தம். மோர் எதுக்கு?”

“சொன்னதை அடி. இல்லேன்னா வேலையை விட்டுப் போ.”

அடித்தாள்.

சோதனைக்கு வந்த கம்பெனி அதிகாரி அதைப் படித்துச் சிரித்தார். “யாருடைய இங்கிலீஷ் இது?”

“இந்தப் படிக்காதவளோடதுதான்” என்றார் மேனேஜர்.

சலேத்மேரி எழுந்து நின்றாள். “ஒரு பெட்டரே போதும்னுதாங்க ஐயா நான் சொன்னேன். பதினொரு பிணத்தை மூட அது பத்தாதுன்னு சார்தான் மோரையும் சேர்க்கச் சொன்னாரு.”

அதிகாரியின் சிரிப்பு நின்றது.

அன்று சாயங்காலமே லயத்துக்கு டாக்டர் வந்து இறங்கினார். அவரைக் கண்ட பிறகுதான் சலேத்மேரிக்கு அழுகை வந்தது.