கிண்ணத்துக்கு மேல் நின்ற கை

கோயம்புத்தூரில் நகை வார்க்கும் பட்டறை வைத்திருந்த பொன்னுரங்கத்துக்கு வாய் பெரிது. வார்த்த மோதிரங்களை ஆசிட்டில் போட்டுக் கறுப்பு எடுப்பது துளசிமணியின் வேலை. விரல் வெந்துபோச்சென்று அவள் சொன்னால், "அது தண்ணி மாதிரி. சோம்பேறிக்குத்தான் எரியும்" என்பார்.

ஒருநாள் அவள் சொன்னாள்: "சுடுதண்ணியில எலுமிச்சை உப்பக் கரைச்சுப் போட்டாலும் கறுப்பு போயிருமுங்க. கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்."

"சோத்துக்கு ஊத்துற ரசத்துல நகை வெளுக்குமா? நாளைக்கு வியாபாரிங்க வர்றாங்க. அவங்க முன்னால வெளுத்துக் காட்டு. இல்லேன்னா வேலைய விட்டுப் போயிரு."

மறுநாள் வியாபாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். முதல் உருப்படியை முதலாளி தன் கையால் எடுத்துக் கொடுப்பது அந்தப் பட்டறை வழக்கம். துளசிமணி இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டிலும் ஒரேமாதிரித் தெளிந்த திரவத்துக்குள் மோதிரம் பளபளத்தது.

"எதுல ஆசிட் இருக்குது?" என்றார் பொன்னுரங்கம்.

"எதுல இருந்தா என்னங்க? தண்ணி மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க. கைய விட்டு எடுங்க."

அவர் கை ஒரு கிண்ணத்துக்கு மேலே போய் நின்றது. அடுத்ததற்குப் போய் அங்கேயும் நின்றது. பிறகு மெல்ல மடிக்கே திரும்பியது. வியாபாரிகள் அந்தக் கையைப் பார்த்தார்கள். துளசிமணியின் வெந்த விரல்களையும் பார்த்தார்கள். பொன்னுரங்கம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

துளசிமணியே கையை விட்டு இரண்டு மோதிரங்களையும் எடுத்து வியாபாரிகளிடம் கொடுத்தாள்.

"ரெண்டுலயும் எலுமிச்சை உப்புதானுங்க. ஆசிட்டு எரிக்கும்னு உங்க கைக்குத் தெரிஞ்சிருக்குதுங்க, முதலாளி. வாய்க்குத்தான் தெரியல."