கால் விலைக்கு ஒரு மருந்து

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெடுங்குளம் என்ற நாட்டைக் கனகமாறன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பதைவிடப் பேரம் பேசினான் என்று சொல்வதே சரி. யானை வாங்கினாலும் பேரம், அரண்மனைக்கு உப்பு வாங்கினாலும் பேரம். முடியாத பேரத்தை மனதில் வைத்துக்கொண்டு அவனால் தூங்க முடியாது. தோற்றதே கிடையாது.

ஆனால் அந்த வருஷம் அவனுக்கு அறுபது வயது நிறையப் போகிறது. அந்த நாட்டு வழக்கப்படி, அறுபது நிறையும் ராஜா தேர் வடம் பிடித்து நாலு வீதியும் நடந்து வர வேண்டும். நடக்க முடியாவிட்டால் செங்கோலைக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டியதுதான். வாங்கிக்கொள்ள ராணியின் தம்பி வீரபாகு கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

காத்திருந்தான் என்றால் சும்மா இல்லை. "அத்தான், உங்கள் கால் தரையில் படலாமா?" என்று அடுத்த அறைக்குக்கூடப் பல்லக்கு வைத்தான். "அத்தான், இன்னும் ஒரு கரண்டி நெய்!" என்று தட்டை நிரப்பினான். அன்பாம்! இப்படிப்பட்ட அன்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தேருக்கு இரண்டு மண்டலம், அதாவது தொண்ணூற்றாறு நாள் இருந்தது. அன்று அரண்மனைக்கு உப்பு போடும் வெயிலுகந்தாளைச் சபைக்கே வரவழைத்துப் பேசிக்கொண்டிருந்தான் ராஜா. அவளுக்கு அறுபத்து நாலு வயது. தலையில் உப்புக் கூடையோடு ஊர் ஊராக நடப்பவள். பேச்சு சூடானபோது ராஜா எழுந்திருக்கப் பார்த்தான். நாலு பேர் தூக்கிவிட்டார்கள். கையில் தடியை ஊன்றி மூச்சு வாங்கினான்.

வெயிலுகந்தாள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"ஏன் சிரித்தாய்?"

"ரெண்டு காலோட பொறந்த ராசா, தடியோட சேர்த்து முக்கால் ஆயிட்டாரேன்னு சிரிச்சேன்."

"திமிரைப் பாருங்கள் அத்தான்!" என்று துள்ளினான் வீரபாகு.

"துள்ளாதீரும் மைத்துனரே. ஏய், உனக்கு மட்டும் எப்படி முழங்கால் வலிக்கவில்லை?"

"எங்கிட்ட மருந்து இருக்கு."

"என்ன விலை?"

"கால் குடுத்தாப் போதும்."

"ராஜாவின் காலையே கேட்கிறாளே!" என்று வாளை உருவினான் வீரபாகு.

"ஏன்யா, கால்னா இடுப்புக்குக் கீழே தொங்குறது மட்டும்தானா? அரை, முக்கால் எல்லாம் படிச்சதில்லையா? ராசா தட்டுல கால் பங்கு. நெய்யில மிதக்கிறதும் பாகுல ஊறுறதும் எனக்கு. அந்த இடத்துல கீரையும் கொள்ளுச் சுண்டலும் வைங்க."

ராஜாவின் கண் மின்னியது. பேரம்! "கால் அதிகம். அரைக்கால் தருகிறேன்."

"அரைக்கால் குடுத்தா மருந்து அரைக்காலுக்குத்தான் வேலை செய்யும். முழங்காலுக்கு ஏறாது ராசா."

சபை சிரித்தது. ராஜா கால் பங்குக்கு இறங்கி வந்தான்.

"எனக்குப் பாகு ஆகாது. ராசா மேலே உசிரா இருக்காரே மைத்துனரு, என் பங்கை அவரே சாப்பிடட்டும்" என்றாள். வீரபாகு மீசையைத் தடவிக்கொண்டான். "இவள் மருந்தால் அத்தான் நாலு வீதி நடந்துவிட்டால் இவள் உப்புக் கூடையை நான் சுமக்கிறேன்!"

"சரி, மருந்தை எடு" என்றான் ராஜா.

"விலைதானே முடிஞ்சுது? எத்தனை உருண்டைன்னு பேச வேண்டாமா? நாளைக்குக் காலையில கோட்டை வாசல்ல கடை போடுவேன், வாங்க. பல்லக்குல வந்தா பேச மாட்டேன். அண்ணாந்து பேசினா எனக்குக் கழுத்து வலிக்கும்."

மறுநாள் தட்டுத் தடுமாறி வாசலுக்கு நடந்தான் ராஜா. "மூன்று உருண்டை" என்றான். "ரெண்டு" என்றாள் அவள். வெயில் ஏறியது. "முடிவு நாளைக்கு. அரசமரத்தடிக்கு வாங்க" என்று கூடையைத் தூக்கிவிட்டாள். அரசமரத்திலிருந்து குளத்தங்கரை, குளத்தங்கரையிலிருந்து மதகு. கடை நகர்ந்துகொண்டே போனது. ராஜா திட்டிக்கொண்டே துரத்தினான்.

"அந்தக் கூடையை இப்படி இறக்கி வைங்க ராசா, இடம் பத்தல" என்பாள். கோபத்தில் தூக்கி வைப்பான். முதல் நாள் கால் கூடைதான் உப்பு இருந்தது. அது மெல்ல மெல்ல நிறைந்ததை அவன் கவனிக்கவில்லை. இரண்டாம் மண்டலத்தில் கடை குன்றின் மேல் ஏறியது. தடியை எந்தப் படியில் மறந்து வைத்தான் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

வீரபாகுவோ வேடிக்கை பார்க்கப் பல்லக்கில் பின்னாலேயே வந்தான். மடியில் ராஜாவின் கால் பங்கு.

தேர்த் திருநாள் வந்தது. ராஜா வடத்தைப் பிடித்தான். ஒரு வீதி. இரண்டு வீதி. மூன்றாவது வீதியில் கீழே நின்ற கூட்டமும் மாடியில் நின்ற பெண்களும் ஒரே குரலாகக் கத்தினார்கள். நாலாவது வீதி முனையில், செங்கோலை வாங்கப் பட்டு விரித்துக்கொண்டு பல்லக்கில் உட்கார்ந்திருந்தான் வீரபாகு. அவன் முன்னால் வந்து நிமிர்ந்து நின்றான் ராஜா.

"மைத்துனரே, எழுந்திரும்."

எழுந்திருக்க முடிந்தால்தானே! நாலு பேர் தூக்கிவிட்டார்கள். களுக்கென்று அதே சிரிப்பு. கூட்டத்தில் வெயிலுகந்தாள்.

"நாலு வீதியும் நடந்தாயிற்று" என்றான் ராஜா. "இப்போதாவது கொடு. இரண்டு உருண்டைக்கே சம்மதம்."

"எந்த உருண்டை ராசா? என் கூடையில உப்பைத் தவிர என்ன இருக்கு? நீங்க நடந்த நடை, தூக்கின சுமை, தின்ன கீரை, அதுதான் மருந்து. சொன்னா கேட்டிருப்பீங்களா?"

ராஜாவின் முகம் சிவந்தது. கோபம் மூக்கு நுனிவரை வந்தது. குனிந்து தன் இரண்டு காலையும் பார்த்தான். சிரித்துவிட்டான்.

"கூடையை எடும் மைத்துனரே! உப்பளம் வரைக்கும்!" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "உனக்கு என்ன வேண்டும்?"

"கால்."

"மறுபடியுமா? எந்தக் கால்?"

"அந்தப் பல்லக்குக் கால் நாலும் அறுத்துக் குடுங்க. கூடையைத் தரையில வச்சா ஈரம் ஏறுது, மேடை போடணும். கால் இல்லாதவங்க ஏறுற பல்லக்கு இனிமே உங்களுக்கு எதுக்கு?"

"மூன்று தருகிறேன்" என்றான் ராஜா, பழக்க தோஷத்தில்.

"நாலு."

ராஜா ஒரு கணம் யோசித்தான். "நாலு" என்றான்.

பிறந்ததிலிருந்து அவன் தெரிந்தே தோற்ற முதல் பேரம் அது. தோற்றவன் அரண்மனைக்கு நடந்தே போனான்.