தேரிமேட்டு ஆவாரை

"'பதினோரு வருசமா உங்க சட்டிபானை கழுவுதேன். நேத்து வந்தவனெல்லாம் உபதேசம் பண்ணுதான். மடத்தை எப்பம்மா எங்கிட்டத் தருவீங்க?' இதானே? முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?"

தேரிக்காட்டு மடத்தின் குரு வெயிலுகந்தாள், சீடர் சொன்னதை எழுத்து மாறாமல் திருப்பிச் சொன்னாள்.

ஆதிலிங்கத்துக்கு முகம் சிறுத்துப்போனது. குருவைவிட அவருக்கு ஆறு வயது அதிகம். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

"கேலி வேண்டாம்மா. இன்னைக்கு ஒரு முடிவு சொல்லுங்க. இல்லாட்டி நான் கிளம்புதேன்."

அவள் வாசலுக்கு வெளியே கையை நீட்டினாள். செம்மணல் மேட்டில் ஓர் ஆவாரஞ்செடி, உடம்பெல்லாம் மஞ்சளாய்ப் பூத்து நின்றது.

"அதை வேரோட கொண்டாரும். சல்லிவேர்கூட அறக் கூடாது. பொழுது அடையுததுக்குள்ள கொண்டாந்தா மடம் உமக்கு."

ஆதிலிங்கம் சிரித்தார். இடுப்பளவு செடி. தினமும் அதில் குச்சி ஒடித்துத்தான் பல் விளக்குகிறார்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

மண்வெட்டியோடு போய்ச் செடிக்கு ஒரு பக்கமாகத் தோண்டினார்.

முழங்கால் ஆழம். இடுப்பு ஆழம். செடியின் உயரம் முடிந்துபோனது, வேர் முடியவில்லை. ஒரு வெட்டு மணலை வெளியே போட்டால் இரண்டு வெட்டு உள்ளே சரிந்தது. மேற்கே வெயில் சாயும்போது குழி அவர் தோளைத் தொட்டது.

வெயிலுகந்தாள் விளிம்பில் வந்து நின்றாள்.

"அடி தெரியுதா?"

"கொஞ்சந்தான் பாக்கி."

"யாருக்கு?"

வந்த கோபத்தில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். முதுகுக்குப் பின்னால் இருந்த மணல் மொத்தமாக இறங்கியது. இடுப்புவரை மூடியது. காலை உருவப் பார்த்தார். மார்புவரை வந்துவிட்டது.

கை தானாகப் போய் வேரைப் பிடித்தது.

வேர் அசையவில்லை. மணலும் நின்றது.

"அம்மா!"

அவள் குனிந்து எதையோ நீட்டினாள். பதினோரு வருசமாக அவள் கொடுத்ததையெல்லாம் வாங்கிப் பழகிய கை, அதையும் வாங்கிக்கொண்டது.

அரிவாள்.

"வெட்டும். முழு வேர் வேண்டாம், பாதி போதும். மடம் உமக்குத்தான்."

இடக்கையில் வேர். வலக்கையில் அரிவாள். கழுத்தோரம் மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. தலைக்கு மேலிருந்து ஒரு பூ அவர் மூக்கில் விழுந்தது. தட்டிவிடக் கையில்லை.

"சீக்கிரம். பொழுது அடையுது."

"அம்மா, அரிவாளை வாங்கிக்கிடுங்க."

அவள் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கிக்கிடுங்கம்மா."