தலைவர் முகம் போட்ட துணி

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. அங்கே ஆளுங்கட்சி மாநாடு என்றால் தலைவர் முகம் அச்சடித்த துணியைத்தான் எல்லாரும் உடுத்துவார்கள்.

மாவட்டச் செயலாளர் தோசு, ஆறு கஜத் துணியைத் தையல்காரி செனாமியிடம் வீசினார். "அங்கி வேணும். தலைவர் முகத்துல கத்தரி படக்கூடாது, ஊசி குத்தக்கூடாது. மீறினா கடைக்குப் பூட்டு!"

துணியிலோ சாணுக்கு ஒரு முகம்.

"ஆகட்டும் ஐயா" என்றவள், மாநாட்டன்று முழுத்துணியையும் அப்படியே அவர் உடம்பில் சுற்றி முடிச்சுப் போட்டு அனுப்பினாள்.

மேடையில் தோசு நாற்காலியில் உட்காரப் போனார். கூட்டத்திலிருந்து செனாமி கத்தினாள்: "ஐயையோ! ஊசியே படக்கூடாத முகம், அது மேலயா உட்காரப் போறீங்க?"

தலைவரே திரும்பிப் பார்த்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவர் நாலு மணி நேரம் பேசினார். தோசு நின்றபடியே கைதட்டினார்.

மறுநாள் விடிந்ததும் கடை வாசலில் தோசு, கையில் கத்தரிக்கோலோடு. "வெட்டும்மா, எங்க வேணுமோ வெட்டு!"