ஜன்னலைத் தப்பிய சூரியன்

உப்பங்கோட்டை ஜமீன்தார் யார் வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். உட்கார்ந்தபடியே கடலில் சூரியோதயம் பார்க்க, தை மாதம் கிழக்குச் சுவரில் ஜன்னல் வைத்தார். ஆனி பிறந்ததும் சூரியன் வடக்கே நகர்ந்து, குன்றுப் பக்கம் உதித்தது; நாற்காலியிலிருந்து பார்த்தால் ஜன்னலில் தெரியவில்லை. ஜமீன்தாருக்கு ஒன்றும் புரியவில்லை.

"எவனோ ஜன்னலை நகர்த்திட்டான்! நாளைக்குச் சூரியன் இதுல வரலேன்னா எல்லாருக்கும் கசையடி!"

"வரும் எசமான்" என்றாள், அறை பெருக்கும் சந்தனமாரி.

மறுநாள் விடியலில் அறையின் தெற்கு மூலையில் நின்று கூவினாள். "எசமான், வந்தாச்சு!"

ஜமீன்தார் பதறி எழுந்து ஓடினார். அங்கிருந்து சாய்வாகப் பார்த்தால், ஜன்னல் நிறையச் சூரியன்.

"பாத்தியா, எனக்குப் பயந்து வந்துட்டான்!"

"ஆமா எசமான். ஆனா எந்திரிச்சு நிக்கிறது நீங்கதானே?"

ஜமீன்தார் தன் காலைப் பார்த்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். யார் யாரைத் தேடி வந்தது என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.