ஒரு சிரட்டைச் சபதம்

முன்னொரு காலத்தில் மருதங்காடு என்ற நாட்டைச் சித்திரசேனன் என்ற ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் நினைத்ததை மத்தியானம் மறந்துவிடுவான். அவனைப் போன்றவர்களுக்காகவே முன்னோர் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சித்திரை முதல் நாள் ராஜா சபையில் நின்று ஒரு சபதப் பாட்டுப் பாட வேண்டும். பாடியதை வருஷத்துக்குள் செய்ய வேண்டும்.

பாட்டை எழுதிக் கொடுப்பது ஆஸ்தான புலவர் ஆராவமுதர். ஏழு வருஷமாக ஒரே சபதம்: தூர்ந்துபோன சீவலேரியைத் தூர்வாருவேன். பாட்டில் தாமரை பூத்தது, அன்னம் நீந்தியது. ஏரியில் கருவேலம் முளைத்தது.

எட்டாம் வருஷம் பாட்டு முடிந்து எல்லோரும் தலையாட்டியபோது, கூட்டத்தில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள். சீவலேரிக் கரைக்காரி, பெயர் இருளாயி. இந்த மழைக்குள் ஏரி வெட்டாவிட்டால் ஊரே காலி செய்வது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். பாட்டைக் கேட்டதும் முதலில் புலவர் பக்கம் திரும்பினாள்.

"புலவரய்யா, எங்க ஏரியைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"பார்க்க வேண்டுமா, பெண்ணே? கண்ணை மூடினால் தெரிகிறது."

"அதான் கேட்டேன். திறந்தா தெரியலையே."

சபை சிரித்தது. புலவர் முகம் சுருங்கியது. "மகாராஜா, எதுகை மோனை தெரியாதவளெல்லாம் பாட்டைக் குறை சொல்லலாமா? முடிந்தால் இவளே ஒன்று பாடட்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "சரி, பாடு. பொழுது சாய்வதற்குள் உன் பாட்டு என்னை வேலையில் இறக்கினால் நாளைக்கே மண்வெட்டி போடுகிறேன். இல்லையென்றால் உன் ஊரார் இந்த வாசலில் ஏரிப் பேச்சே எடுக்கக் கூடாது."

இருளாயி ராஜாவை நேராகப் பார்த்தாள். "சபதம் உங்களோடது, பாட்டு மட்டும் ஏன் அடுத்தவர் வாயில் வரணும், மகாராஜா? நீங்களே பாடுங்க. நான் சொல்ற இடத்தில் உட்காரணும், தர்றதைச் சாப்பிடணும். அவ்வளவுதான் என் நிபந்தனை."

"நானும் வருவேன்" என்றார் புலவர். "இவள் எங்காவது பிழை செய்வாள்."

"வாங்க. சாட்சி வேணுமே."

உச்சி வெயிலில் மூவரும் வெடித்த ஏரிக்குள் உட்கார்ந்தார்கள். இருளாயி தன் கட்டுச்சோற்றை அவிழ்த்தாள். கம்பஞ்சோறு, உப்பு நார்த்தங்காய், பொரித்த மோர்மிளகாய். ராஜா ருசித்துச் சாப்பிட்டான். புலவர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

"தண்ணீர் கொடம்மா" என்றான் ராஜா.

அவள் காலிக் குடத்தை நீட்டினாள். "ஊற்று அந்த மேட்டுக்கு அப்பால, மகாராஜா. நாங்க நடந்துதான் எடுப்போம்."

புலவர் தொண்டையைக் கனைத்து, "முத்தே அனைய குளிர்நீரே…" என்று தொடங்கினார்.

"வாயை மூடும், ஐயா. எச்சில் மிச்சமிருந்தால் விழுங்கிக்கொள்ளும்" என்றான் ராஜா.

குடத்தோடு நடந்தான். கால் சுட்டது. ஊற்றடியில் இருபது பெண்கள் வரிசையில் நின்றார்கள். குழிக்குள் கசிவதைச் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் ராஜா என்று தெரியாததால் யாரும் வழிவிடவில்லை.

"கடைசியில் நில்லுங்க அண்ணே" என்றாள் ஒருத்தி.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போது குடம் நிரப்பித் திரும்பிய நிறைமாதக்காரி ஒருத்தி அவன் உதட்டைப் பார்த்தாள். தன் குடத்திலிருந்து ஒரு சிரட்டை ஊற்றி நீட்டினாள்.

"குடிங்க. வீட்டுக்குப் பத்தாட்டி நான் இன்னொரு நடை வந்துக்கிறேன்."

கலங்கல் தண்ணீர். ராஜா குடித்தான். குடித்த பிறகும் சிரட்டையைக் கீழே வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடேறுவதைப் பார்த்தபடி, விம்மலோடு பாடினான்:

"ஒரு சிரட்டைத் தண்ணீர் தந்தாள்
ஒரு நடையைத் தனக்குக் கூட்டிக்கொண்டாள்
ஏரி நிறையும் நாள் வரைக்கும்
என் சபைக்கும் இந்த ஊற்றே
அவரவர் தோளில் அவரவர் குடம்."

பின்னாலேயே வந்திருந்த புலவர், "எதுகையே இல்லையே, மகாராஜா" என்றார்.

"உம் பாட்டு காதோடு போயிற்று. இது தொண்டையில் நிற்கிறது. நாளை முதல் குடம் உம்முடையது."

அப்புறம் கேட்க வேண்டுமா? தண்ணீர் சுமந்த மந்திரிகள் தாங்களே மண்வெட்டிக்கு ஆள் சேர்த்தார்கள். ஏழு வருஷம் நடக்காதது நாற்பது நாளில் நடந்தது. ஐப்பசியில் ஏரி கரை தொட்டது. ஊரில் ஒரு வீடும் காலியாகவில்லை.

"ஆஸ்தான புலவர் பட்டம் உனக்குத்தான்" என்றான் ராஜா இருளாயியிடம்.

"பட்டம் வேண்டாம். சபதம் யாருடையதோ, பாட்டும் அவங்களே கட்டணும். அதுவும் வலிக்கிற இடத்தில் நின்னு கட்டணும். இதைச் சட்டமாக்குங்க."

ஆக்கினான். அடுத்த சித்திரையில் ஆராவமுதர் முதல் ஆளாக எழுந்து, சுமை தாங்கிக் காய்த்த தோளைத் தடவியபடி பாடினார்:

"குடம் சுமந்த தோள் இது
இனிக் காணாததைப் பாடாது."

இருளாயி கைதட்டினாள். "புலவரய்யா, இது உங்க முதல் பாட்டு."

அவர் தலைகுனிந்து சிரித்தார். ஏரித் தண்ணீர் எல்லோர் குடத்திலும் இருந்தது, ராஜா அன்று குடித்த சபதச் சிரட்டை மட்டும் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் இருந்தது.